சிறை சென்ற தாத்தாவின் ஆவணங்களைத் தேடுவது எப்படி?

எங்கள் சின்னத்தாத்தா 1942 ஆகஸ்ட் (வெள்ளையனே வெளியேறு) போராட்டத்தில் சிறை போனவர். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சிறை, என்ன வழக்கு, எத்தனை மாதம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். அதற்கான காகிதத்தைத் தேடிப் போனபோது வழி சொல்ல ஆள் இல்லை. ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் திரும்ப முதல் இடத்துக்கே அனுப்பினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1908 முதல் 1947 வரை பழைய சென்னை மாகாணத்தில் அரசியல் காரணத்துக்காகச் சிறை சென்றவர்களையும், அவர்களுக்குத் துணை நின்றவர்களையும் பற்றிய ஆவணங்களைத் தேடுபவர்களுக்கான வழிகாட்டி இது. 1948க்குப் பின் சிறைப்பட்ட கம்யூனிஸ்டுகளின் குடும்பத்தாருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணக் காப்பகத்தில் கோப்புகள் ஆள் பெயர் வரிசையில் இருக்காது. எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த உத்தரவு என்ற வரிசையில்தான் இருக்கும். ‘எங்க தாத்தா பேரு இது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க’ என்று கேட்டால் அங்கே இருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆளை உத்தரவாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். அதைத்தான் முதல் மூன்று படிகளில் செய்யப்போகிறோம்.

1. வீட்டில் இருப்பதை முதலில் திரட்டுங்கள்

தகரப் பெட்டி, பரண், பத்திரக் கட்டு எல்லாவற்றையும் பாருங்கள். சிறையிலிருந்து வந்த கடிதம் (தணிக்கை முத்திரையில் சிறையின் பெயர் இருக்கும்), விடுதலைச் சான்று, 1972இல் சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி வழங்கிய தாமிரப் பட்டயம், தியாகி ஓய்வூதிய ஆணை என எது கிடைத்தாலும் நல்லது. ஓய்வூதிய ஆணை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்றே சொல்லலாம். ஏன் என்று எட்டாம் படியில் சொல்கிறேன்.

அப்புறம் பெரியவர்களிடம் பேசுங்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. ‘அப்போது யாருக்குக் கல்யாணம் நடந்தது, யார் கைக்குழந்தையாக இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையானவை நான்கு: ஆண்டு, கைதான ஊர், தண்டித்த நீதிமன்றம் இருந்த ஊர், அடைக்கப்பட்ட சிறை. இவற்றில் இரண்டு கிடைத்தாலே தொடங்கிவிடலாம்.

1973இல் தமிழ்நாடு அரசு ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘சுதந்திரப் போராட்ட வீரர்கள் யார், எவர்’ தொகுதியையும் பெரிய நூலகம் ஒன்றில் புரட்டிப் பாருங்கள். பெயர் இருந்தால் சிறையும் காலமும் ஓரிரு வரியில் கிடைக்கும். இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம், விடுபட்டவர்கள் ஏராளம்.

2. ஆண்டை வைத்துச் சட்டத்தைப் பிடியுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. எந்தச் சட்டத்தில் உள்ளே போனார் என்பது தெரிந்தால்தான் எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும் என்று தெரியும்.

1908இல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா காலத்து வழக்குகளில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ராஜதுரோகப் பிரிவு 124ஏ, பகைமை வளர்க்கும் பிரிவு 153ஏ ஆகியவை வரும். ஒத்துழையாமை நாட்களில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 108, 144 பிரிவுகளை அதிகம் பார்ப்பீர்கள். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தையும் 1932 மறியல்களையும் ஒட்டிய வழக்குகளில் உப்புச் சட்டம், 1908ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 1932இன் அவசரச் சட்டங்கள் இருக்கும். 1940–41 தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கும் 1942 ஆகஸ்ட் போராட்டத்துக்கும் இந்தியப் பாதுகாப்பு விதிகள்.

இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. 1942இல் உள்ளே போனவர்களில் பலர் தண்டனைக் கைதிகளே அல்ல. பாதுகாப்பு விதி 26இன் கீழ் விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்ட காவல் கைதிகள் அவர்கள், அன்றைய பேச்சில் ‘டெட்டினியூ’. அவர்களுக்கு வழக்கு எண் கிடையாது, தீர்ப்பு கிடையாது, தண்டனைக் கைதிகள் பதிவேட்டில் பெயரும் இருக்காது. அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ‘உங்கள் தாத்தா இந்தச் சிறையில் இருந்ததற்கான பதிவே இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை, பார்த்த பதிவேடுதான் வேறு. இப்படிப்பட்டவர்களின் பெயர் அரசு பிறப்பித்த காவல் உத்தரவுகளிலும், அவற்றைப் புதுப்பித்தபோதும் ரத்து செய்தபோதும் போட்ட உத்தரவுகளிலும் இருக்கும்.

இன்னொன்று: தண்டனைக் காலம் வேறு, உள்ளே இருந்த காலம் வேறு. 1931 மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தத்துக்குப் பிறகு, வன்முறை வழக்குகளில் சிக்காத சத்தியாக்கிரகிகள் தண்டனை முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பில் ஓராண்டு என்று இருப்பதை வைத்து ஓராண்டு சிறையில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

3. பெயரையும் ஊரையும் அந்தக் காலத்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்

கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ராமசாமி என்ற ஒரு பெயரையே நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். முன்னெழுத்து பல இடங்களில் இருக்காது, அதற்குப் பதில் தகப்பனார் பெயர், சாதிப் பெயர், ஊர்ப் பெயர் இருக்கும். ஊரில் எல்லோரும் அழைத்த பட்டப்பெயர் ‘அலயஸ்’ என்று சேர்ந்து வரும். எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டங்களும் அப்படித்தான். இன்றைய சிவகங்கையும் விருதுநகரின் பெரும்பகுதியும் ராம்நாட். தூத்துக்குடியும் தென்காசியின் பெரும்பகுதியும் டின்னவெல்லி (திருநெல்வேலி). நாகப்பட்டினம், திருவாரூர் தஞ்சாவூரில் அடக்கம். கடலூர், விழுப்புரம் எல்லாம் தென்னார்க்காடு.

எல்லையும் முக்கியம். கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி. அந்தப் பகுதிக்காரர்கள் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன் ஆவணங்கள் சென்னை அரசின் வரிசையில் வராது. மறுபக்கம், தமிழ்க் கைதிகள் பலர் கண்ணூர், ராஜமுந்திரி, பெல்லாரியின் அலிபுரம் சிறைகளில் இருந்தார்கள். அவை இன்று வேறு மாநிலங்களில் உள்ளன. ஆனாலும் அவர்களைப் பற்றிய சென்னைத் தலைமைச் செயலகக் கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். பெண்கள் என்றால் முதலில் வேலூரைச் சந்தேகியுங்கள், மாகாணத்தின் பெண்கள் சிறை அங்கேதான் இருந்தது.

4. எழும்பூருக்குப் போகும் முன்பும் போன பின்பும்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் சென்னை எழும்பூரில், ரயில் நிலையத்துக்கு அருகில், காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. 1909இல் எழுந்த செங்கல் கட்டடம்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டையும் நகலும், புகைப்படங்கள், எதைத் தேடுகிறீர்கள், எந்த ஆண்டுகள், எதற்காக என்று எழுதிய ஒரு பக்கக் கடிதம். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருப்பவர்கள் துறைத் தலைவரின் அறிமுகக் கடிதம் கொண்டு போங்கள். குடும்பத்தார் என்றால் உறவைக் காட்டும் சான்றுகளின் நகலும் இருக்கட்டும். கடிதத்தில் ‘சுதந்திரப் போராட்டம் பற்றி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ‘1932ஆம் ஆண்டு மதுரை மாவட்ட மறியல் கைதிகள் தொடர்பான அரசாணைகள்’ என்று எழுதினால் எந்த அட்டவணை வேண்டும் என்று அங்கிருப்பவர்களுக்கே புரிந்துவிடும்.

வேலை நடக்கும் முறை இது. ஆண்டுவாரியாக, துறைவாரியாக அட்டவணைப் புத்தகங்கள் இருக்கும். அதில் தலைப்பைப் பிடித்து, அரசாணை எண், தேதி, துறை மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கோப்பை எடுத்து வருவார்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு கோப்பு வரும், அல்லது வராது. ஒரே எண்ணில் வெவ்வேறு துறைகள் ஆணை போட்டிருக்கும்.

எந்தத் துறை என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். 1908 வாக்கில் ஜுடிஷியல் வரிசையைப் பாருங்கள். 1920, 30களில் சிறை தொடர்பானவை பெரும்பாலும் லா (ஜெனரல்) வரிசையிலும், இயக்கம், கைது, கண்காணிப்பு தொடர்பானவை பப்ளிக் (ஜெனரல்) வரிசையிலும் வரும். 1940களுக்கு ஹோம். இவற்றோடு யு.எஸ்.எஸ்.எஃப். எனச் சுருக்கிச் சொல்லும் ரகசியக் கோப்புகளும், மாகாண அரசு டெல்லிக்கு அனுப்பிய இருவார அறிக்கைகளும், உள்ளூர்ப் பத்திரிகைகளின் ஆங்கிலச் சுருக்கங்களும் உண்டு. அட்டவணையில் தனி ஆள் பெயர் கிடைக்காவிட்டால் ‘ஜெயில்ஸ்’, ‘பிரிசனர்ஸ்’, ‘சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்’ ஆகிய தலைப்புகளின் கீழ்த் தேடுங்கள். சிறையின் பெயர், ஊர்ப் பெயர் வழியாகவும் பாருங்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. காலையிலேயே சீட்டு கொடுத்துவிடுங்கள். கோப்பு வரத் தாமதமாகும் நேரத்தில் அடுத்த அட்டவணையைப் பாருங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று திட்டமிட வேண்டாம். திங்கள் தொடங்கி வேலை நாட்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கும் வாரமாகப் பார்த்து வாருங்கள். பண்டிகை வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். உண்மையான செலவு நகல் கட்டணம் அல்ல, போக்குவரத்தும் தங்குமிடமும்தான்.

தாள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் கோப்பு தர இயலாது என்று சீட்டு திரும்பி வரலாம். அப்போது அதன் நுண்படம் (மைக்ரோஃபிலிம்) அல்லது மின்நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே எழுந்து வந்துவிடுகிறார்கள்.

5. கோப்பில் எந்தப் பக்கத்தைப் படிப்பது

அரசாணை இரண்டு வரிதான் இருக்கும். அதோடு கட்டப்பட்டிருக்கும் குறிப்புகளும் கடிதங்களும்தான் பொக்கிஷம்.

1930இல் கைதிகளை ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்தார்கள். லாகூர்ச் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஜதீந்திரநாத் தாஸ் 1929இல் இறந்ததை ஒட்டி நாடெங்கும் எழுந்த கொந்தளிப்புக்குப் பின் வந்த ஏற்பாடு அது. எந்த வகுப்பு என்பதை முடிவு செய்யக் கைதியின் சமூக நிலை, படிப்பு, வாழ்க்கை முறை ஆகியவற்றைப் பார்த்தார்கள். அதனால் வகுப்பு தொடர்பான கோப்பு கிடைத்தால் அவசரப்படாமல் முழுதும் படியுங்கள். அப்பா பெயர், ஊர், தொழில், நிலம் எவ்வளவு, வருமான வரி கட்டுகிறாரா, எதுவரை படித்தார் என்று குடும்பத்தாரே மறந்துபோன விவரங்கள் அதில் இருக்கும். அப்படி ஒரு பட்டியலில், ஒருவர் பெயருக்கு நேராக வருமானம் ‘இல்லை’ என்றும் அதனால் ‘சி’ என்றும் ஒரு குமாஸ்தா பென்சிலில் குறித்திருந்ததைப் பார்த்தேன். களி தின்று கல் உடைக்க வேண்டியவர் யார் என்பதை அந்த ஒற்றை எழுத்துதான் தீர்மானித்தது. ஏழைத் தொண்டர்கள் ஏன் அதிகம் நொந்து திரும்பினார்கள் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தால் புரியும்.

சிறை மாற்றல் பட்டியல், உணவு அல்லது தாக்குதல் பற்றிய புகார் மனு, மருத்துவர் அறிக்கை, கடிதம் தடுக்கப்பட்ட குறிப்பு ஆகியவற்றையும் தேடுங்கள். சேர்க்கையைவிட மாற்றல் பட்டியலில் பெயர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு மாற்றலுக்கும் மேலிடத்துக் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டதுதான் காரணம்.

அதே பெயரில் இன்னொருவர் இருப்பது மிகச் சாதாரணம். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. தகப்பனார் பெயர், ஊர், தேதி இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

6. உள்ளே போகாதவர்களைத் தேடுவது

சோறு போட்டவர், ஒளித்து வைத்தவர், துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தவர், கைதியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு வளர்த்தவர் – இவர்களுக்குக் கைதி எண் கிடையாது. ஆனால் தடயம் உண்டு. அதை வேறு கோப்புகளில் தேட வேண்டும்.

108ஆம் பிரிவு வழக்குகளில் பிணை கொடுத்தவர்களின் பெயர் இருக்கும். 1910, 1931 பத்திரிகைச் சட்டங்களின் கீழ் அச்சகங்களிடம் காப்புத்தொகை கேட்ட உத்தரவுகளில் அச்சக உரிமையாளர் பெயர் இருக்கும். அபராதம் கட்டாததால் ஜப்தி நடந்த வீடுகளின் விவரம் மாவட்ட ஆட்சியரின் கடிதங்களில் வரும். 1942இல் கூட்டு அபராதம் விதித்த இடங்களைப் பற்றிய கோப்புகளில் எந்த ஊர், எவ்வளவு, யாருக்கு விலக்கு என்று கிடைக்கும். தேவகோட்டை, திருவாடானை, குலசேகரன்பட்டினம், சூலூர் பக்கத்துக் குடும்பம் என்றால் 1942 கோப்புகளைக் கட்டாயம் பாருங்கள். இந்த ஊர்களின் நிகழ்வுகள் பற்றி அரசு விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் தெரு இருக்கலாம்.

பத்திரிகைகளையும் விடாதீர்கள். சுதேசமித்திரன், தினமணி, குடிஅரசு, விடுதலை இவற்றில் கைது, தண்டனை, வழியனுப்பு, நன்கொடை செய்திகள் வரும். 1937–39 இந்தி எதிர்ப்பில் சிறை சென்றவர்களைத் தேடுபவர்களுக்குக் கடைசி இரண்டும் முதல் இடம். பழைய இதழ்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் என மூன்று இடங்களிலும் பாருங்கள்.

7. சிறைக்குத் தகவல் உரிமை மனு போடுவது

சிறையின் சொந்தப் பதிவேடுகளுக்கு இதுதான் வழி. தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டி அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. தண்டனைக் காலச் சிறை கண்ணூர் என்றால் மனு கேரளத்துக்குப் போக வேண்டும், அந்த மாநில விதிப்படி.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘என் தாத்தா உங்கள் சிறையில் இருந்தாரா?’ என்று கேட்டால் ‘பதிவுகள் இல்லை’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

அ) குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான தண்டனைக் கைதிகள் பதிவேடு, விசாரணைக் கைதிகள் பதிவேடு, காவல் கைதிகள் பதிவேடு ஆகிய ஒவ்வொன்றும் தங்களிடம் உள்ளதா?
ஆ) இருந்தால் குறிப்பிட்ட தேதிகளுக்குரிய பக்கங்களின் நகல் வேண்டும்.
இ) அழிக்கப்பட்டிருந்தால், அழிப்பு உத்தரவின் நகலும் அழிப்புப் பதிவேட்டின் நகலும் வேண்டும்.
ஈ) காப்பகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், மாற்றல் பட்டியலின் நகல் வேண்டும்.

மூன்றாவது கேள்வி வந்ததும் அலுவலகத்தில் ஒருவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்ப்பார். அழித்ததற்கு உத்தரவு காட்ட முடியாவிட்டால் பதிவேடு எங்கோ இருக்கிறது என்று பொருள். ரகசியம் என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு முற்பட்ட நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

8. ஓய்வூதியக் கோப்பு

தாத்தாவோ பாட்டியோ தியாகி ஓய்வூதியம் வாங்கியிருந்தால், அதற்கு விண்ணப்பித்தபோது கொடுத்த சிறைச் சான்று அந்தக் கோப்பில் இருக்கும். அன்று சிறைப் பதிவேடு முழுசாக இருந்திருக்கும், இன்று இல்லாமலும் போயிருக்கலாம். ஆகவே இதுவே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நேரடிச் சான்றாக இருக்க வாய்ப்பு உண்டு. மாநில ஓய்வூதியம் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 1972இல் தொடங்கிய மத்திய ஓய்வூதியம் என்றால் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் விடுதலைப் போராட்ட வீரர்கள் பிரிவு. ஆணை எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமை மனு போடுங்கள். மாவட்டம் பிரிந்திருந்தால் விண்ணப்பித்த நாளில் எந்த மாவட்டமோ அங்கேதான் கோப்பு இருக்கக்கூடும்.

மத்திய ஓய்வூதியத்துக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் தேவை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். சிறைச் சான்று இல்லாதவர்கள் உடன் இருந்த கைதிகளின் சான்றைக் கொடுத்தார்கள். அப்படி ஒரு சான்று கோப்பில் இருந்தால், சான்றளித்தவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தாவைப் பற்றிய குறிப்பு அவருடைய கோப்பில் இருக்கலாம்.

காசு கொடுத்தால் தியாகி சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகர்களிடம் அசல் காகிதம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். காகிதமும் போகும், காசும் போகும்.

9. டெல்லி, லண்டன்

டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து வீட்டிலிருந்தே தேடலாம். ஹோம் (பொலிடிகல்) வரிசையைப் பாருங்கள். அதில் சென்னை மாகாணத்தின் சாதாரணத் தொண்டர்களைவிடத் தலைவர்களும் பெரிய வழக்குகளும்தான் அதிகம் வரும். மலேயா, பர்மாவிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் குடும்பத்தார் இங்கேதான் தொடங்க வேண்டும், அந்தக் கோப்புகளுக்குத் தனி வரிசையே உண்டு. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பப்ளிக் அண்ட் ஜுடிஷியல் வரிசை இருக்கிறது. எழும்பூரை முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

10. நகல் எடுக்கும்போது

முதலில் கோப்பின் முகப்பை எடுங்கள். அப்புறம் பெயர் உள்ள பக்கம், அதற்கு முந்தைய பக்கம், பிந்தைய பக்கம். பட்டியல் என்றால் தலைப்பு வரிசை இருக்கும் பக்கமும் வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்று பிறகு தெரியாது. கைபேசியில் படம் எடுக்க அனுமதி கேட்காமல் எடுக்காதீர்கள். ஓய்வூதியத்துக்கோ வேறு அரசுக் காரியத்துக்கோ வேண்டும் என்றால் சாதாரண நகல் செல்லாது, சான்றிட்ட நகல் என்று குறிப்பிட்டு விண்ணப்பித்து ரசீது வாங்குங்கள்.

ஒவ்வொரு நகலின் பின்புறமும் பென்சிலில் காப்பகம், துறை, அரசாணை எண், தேதி, பக்கம் ஐந்தையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். உங்கள் தாத்தாவோடு அதே பட்டியலில் இருக்கும் மற்ற பெயர்களையும் ஊரோடு எழுதி வையுங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். ஒரு நகலை அவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.